கடலூர் உப்புக் காற்றில் துருப்பிடித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு: பாடியை மீட்பது எப்படி? 'விண்டேஜ்' பதிவு கிடைக்குமா?

பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வெளியே இருந்து பார்த்தால், கழுவித் துடைத்தாலே போதும் என்று தோன்றும். காலடித் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினால் பொலபொலவென்று உதிரும். கடலூர் போன்ற கடலோர ஊர்களில் பழைய காரை மீட்க நினைப்பவர்களுக்கு இதுதான் முதல் தலைவலி. இன்ஜின் பாகத்தைக்கூட தேடிப் பிடித்துவிடலாம், பாடிதான் பாடாய்ப் படுத்தும். அதைச் சரிசெய்யும் விதத்தைப் பொறுத்துத்தான் அந்த கார் சட்டப்படி 'விண்டேஜ்' வாகனமா, இல்லையா என்பதும் முடிவாகிறது.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு சென்னையில் ஒரு சொந்தம்

1959-ல் பிரிட்டனில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அறிமுகமான கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலோட்டி. 1961-ல் சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. அம்பாசடர், ஃபியட் இரண்டுக்கும் நடுவே நம்ம ஊர்க்காரர்கள் ஓட்டிய மூன்றாவது கார். இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் 1962-ல் உருவான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்.

இரண்டுக்கும் பாடி வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற பகுதி ஸ்பிட்ஃபயரில் பாரத்தைத் தாங்குகிறது. முட்டுக் கொடுக்காமல் அதை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்து, கதவு மூடாது. ஹெரால்டில் அந்தப் பாரத்தை சேஸிஸே சுமக்கிறது. பாடியும் பல பகுதிகளாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருப்பதால் கழற்றி வேலை பார்க்கலாம். டிங்கரிங் பட்டறைக்கு இது பெரிய வசதி.

கடலூரில் ஏன் இவ்வளவு துரு?

கடல் காற்றில் வரும் உப்பு, தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. மழை இல்லாத நாளிலும் அந்த இடம் ஈரமாகவே இருக்கும். சிதம்பரம் கடலிலிருந்து சற்று உள்ளே இருப்பதால் உப்பு குறையலாம். ஆனால் கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்வான பகுதி அது, அங்கே பிரச்சினை தேங்கும் தண்ணீர். 2011-ல் தானே புயல், 2015 மழை வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என்று மாவட்டம் பார்க்காத தண்ணீர் இல்லை. வெள்ளத்தில் நின்ற காரின் சேஸிஸ் குழாய்க்குள்ளும் சில்லுக்குள்ளும் வண்டல் புகுந்து தங்கிவிடும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும்.

காந்தம் சொல்லும் உண்மை

வாங்கும் முன் ஒரு சின்ன காந்தத்தை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வருவது நல்லது. இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. கதவின் அடிப்பகுதி, டிக்கியின் தரை, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் தாங்கிகள் ஆகியவைதான் வழக்கமாகப் போகும் இடங்கள்.

துரு உள்ள இடத்தில் மேலே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிடுவதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் பெயிண்ட் கொப்புளமாகக் கிளம்பிவிடும். அது கொடுத்த காசுக்கு வந்த வினை.

சரியான முறை, நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில், அதே வளைவில் புதுத் தகட்டை அடித்துப் பொருத்துவது. சுமார் 0.9 மில்லிமீட்டர் தகடு என்பதால் கேஸ் வெல்டிங் சூட்டில் எளிதில் நெளியும். மிக் அல்லது டிக் வெல்டிங்கில் கொஞ்சம் கொஞ்சமாக, இடம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு வைக்க வேண்டும். வேலை மெதுவாகத்தான் நகரும். அவசரப்படுத்தும் ஓனர்தான் பெரும்பாலும் பாடியைக் கெடுப்பவர்.

கடலோரத்தில் இன்னும் இரண்டு விஷயம். துருவை எடுக்க கடற்கரை மணலைப் பீய்ச்சவே கூடாது. அதில் உப்பு இருக்கிறது, மணல் தூசி வேலை செய்பவரின் நுரையீரலையும் பாதிக்கும். உப்புச் சுவையுள்ள போர் தண்ணீரில் கழுவுவதும் அப்படித்தான். பெயிண்ட் எடுத்த இரும்பு இந்த ஈரக் காற்றில் ஓர் இரவிலேயே பழுப்பேறும் என்பதால் அன்றே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் மெழுகு போன்ற துருத்தடுப்புக் கலவையைப் பீய்ச்சுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் வடியும் சிறு ஓட்டைகளைப் பட்டியால் அடைத்துவிடுவதும் நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் அறிவித்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகப் பயன்பாடு இல்லாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'விண்டேஜ்' ஆகலாம். ஆனால் சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் ஆகியவற்றில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. கூரையை அறுத்து ஹெரால்டை 'ஸ்போர்ட்ஸ் கார்' ஆக்குவது, வேறு காரின் முகப்பை ஒட்டுவது எல்லாம் இங்கேதான் மாட்டும். துருப்பிடித்த துண்டைப் பழைய வடிவத்திலேயே மாற்றுவது வேறு, வடிவத்தையே மாற்றுவது வேறு. வாகனத்தைப் பரிசோதிக்கும் குழுவிடம் காட்ட, வெட்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த போட்டோக்கள் கையில் இருப்பது நல்லது.

புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவு 10 ஆண்டுகள் செல்லும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு நம்பரில் 'விஏ' எழுத்துகள் வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். விற்றால் 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஒரு கண்டிப்பும் உண்டு. விண்டேஜ் பதிவு பெற்ற காரை கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு தினமும் ஹெரால்டில் ஆபீஸ் போக நினைப்பவர், 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் சாதாரண பதிவிலேயே தொடர வேண்டியதுதான்.