கணிப்பொறிக்கு ஒரு மாற்றுச் சாவி

பெட்டியைப் பூட்டுகிறீர்கள். மாற்றுச் சாவியை எங்கே வைப்பீர்கள்? அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டமாட்டீர்கள் அல்லவா? ஆனால் வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் நம்மில் பலர், அறியாமலே அப்படித்தான் செய்கிறோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகால் சிப்காட் பூங்காவும் அதன் சுற்றுப்புறமும் மின்னணுத் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. அருகிலுள்ள திருப்பெரும்புதூரில் 2007-ஆம் ஆண்டு டெல் நிறுவனம் கணிப்பொறி ஆலையைத் திறந்தது. கணிப்பொறி ஆலைகளில் பாகங்களைப் பொருத்தி முடிப்பதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. விண்டோஸ் போன்ற ஓர் இயக்கத் தொகுதியையும் அதில் ஏற்றுவார்கள். ஏன் தெரியுமா?

கணிப்பொறியின் நிரந்தரச் சில்லுக்குத் தெரிந்தது கொஞ்சமே. மின்சாரம் வந்ததும் உறுப்புகளைச் சோதித்து, இயக்கத் தொகுதி எங்கே இருக்கிறது என்று தேடும். கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும்.

1981-இல் ஐ.பி.எம். தன் முதல் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டபோது, இயக்கத் தொகுதி 160 கிலோபைட் கொள்ளளவுள்ள ஃபிளாப்பித் தட்டில் இருந்தது. தட்டு கெட்டால் அதன் நகலைச் செருகினால் போதும். 1983-இல் வந்த எக்ஸ்.டி. கணிப்பொறியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. இயக்கத் தொகுதி பெட்டிக்குள் குடியேறியது. எனினும் நகல் ஃபிளாப்பியாகவும், பின்னர் குறுந்தகடாகவும் நம் கைக்கு வந்துகொண்டிருந்தது.

பிறகு உற்பத்தியாளர்கள் தகடு தருவதைக் குறைத்து, அந்த நகலை வன்தட்டின் மறைவான ஒரு பகுதியிலேயே வைக்கத் தொடங்கினர். சாவி பெட்டிக்குள் போயிற்று! இயக்கத் தொகுதி மட்டும் பழுதானால் அந்த நகல் உதவும். வன்தட்டே செயலிழந்தால்? நகலும் சேர்ந்து போய்விடும்.

சாவியை வெளியே எடுக்க வழி உண்டு. 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் பென் டிரைவின் முன்னோடி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2012-இல் வெளியான விண்டோஸ் 8, அத்தகைய டிரைவில் மீட்பு நகலை உருவாக்கும் வசதியைத் தந்தது. இன்றைய விண்டோஸில் போதிய கொள்ளளவுள்ள டிரைவ் ஒன்றைச் செருகி, 'ரெகவரி டிரைவ்' என்று தேடினால் வழி திறக்கும். டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும். எனவே காலியானதையே எடுங்கள். சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் போன்றவற்றை, வன்தட்டைத் தொடாமல் வெளித்தகட்டிலிருந்தே இயக்கவும் முடியும்.

ஓர் எச்சரிக்கை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம் எத்தனையோ மாணவர் வீடுகளுக்குக் கணிப்பொறியைக் கொண்டு சேர்த்தது. அதிலுள்ள பாடக் குறிப்புகளையும் குடும்பப் படங்களையும் மீட்பு டிரைவ் காப்பாற்றாது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். இயக்கத் தொகுதியை மறுபடி பெறலாம். நீங்கள் எழுதியதை யார் தருவார்கள்?

கணிப்பொறி நலமாக இருக்கும் இன்றே இரண்டு நகல்களையும் எடுத்து, தேதி எழுதி, வேறிடத்தில் வையுங்கள்.