இலையின் உணவைக் கண்டறிந்த வரலாறு

செடிகொடிகள் மண்ணை உண்டே வளர்கின்றன என்று அரிஸ்டாட்டிலின் வழிவந்தோர் நெடுங்காலம் நம்பியிருக்க, அந்நம்பிக்கையைத் தராசில் நிறுத்திப் பார்த்தவர் பிரஸ்ஸல்ஸில் பிறந்த மருத்துவர் வான் ஹெல்மோன்ட். உலர்த்திய 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு வில்லோக் கன்றொன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டுமே ஊற்றிய அவர், மரம் 169 பவுண்டாகப் பெருத்தும் மண்ணில் ஏறத்தாழ 2 அவுன்சே குறைந்திருந்ததால், மரம் முழுவதும் நீரால் ஆனதென்று முடிவு கட்டினார். அவர் மறைந்தபின் 1648இல் வெளிவந்த நூலில் இது பதிவாயிற்று. கரி எரிகையில் எழும் வாயுவை முதலில் இனங்கண்டவரே, மரத்தின் எடைக்கு அவ்வாயுவும் காரணமாகலாம் என்று எண்ணாமற்போனது விந்தையே.

மெழுகுவத்தி எரிந்து கெட்ட காற்றில் புதினாத் தளிரை வைத்தால், சில நாட்களில் அக்காற்றில் வத்தி மீண்டும் எரிகிறது என்று 1771இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டார். ஆயினும் பின்னர் அவருக்கே மாறான முடிவுகள் கிடைத்தன. சுவீடனின் ஷீலேவுக்கும் அவ்வாறே. ஜாடி வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அம்முடிச்சை அவிழ்த்தவர், ஆஸ்திரிய அரச குடும்பத்தாருக்குப் பெரியம்மைத் தடுப்பாக அம்மைச்சீழ் குத்தியதால் அரசவை மருத்துவரான டச்சுக்காரர் யான் இன்கென்ஹவுஸ். 1779ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்கு அருகே ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் செய்த அவர், நீருள் அமிழ்த்திய இலைகள் வெயிலில் குமிழ்விட்டு இருளில் ஓய்வதையும், வெப்பமன்றி ஒளியே அதற்குக் காரணமென்பதையும், பச்சை உறுப்புகளுக்கே அத்திறன் உண்டென்பதையும் நிறுவினார். இருளில் தாவரமும் காற்றைக் கெடுக்கிறது என்று அவர் கண்டது, சேர்த்த உணவை எரித்து ஆற்றல் பெறும் சுவாசமே. அது பகலிலும் நிற்பதில்லை.

இலை கரியமில வாயுவை ஈர்ப்பதை 1782இல் செனபியேயும், நீரும் அதன் உடலில் சேர்வதை 1804இல் தெ சொசூரும் காட்டினர். ஒளிபட்ட இலையில் மாவுச்சத்து திரண்டு, இருளில் கரைவதை 1860களில் ஜெர்மானியரான சாக்ஸ் அயோடின் கொண்டு மெய்ப்பித்தார்; பகலில் சமைத்ததன் மிச்சம் இவ்வாறு மாவாகத் தங்கி, இரவில் சர்க்கரையாகி வேருக்கும் குருத்துக்கும் செல்கிறது.

பாடநூல்களில் பிரீஸ்ட்லிக்குக் கிடைத்த இடம் இன்கென்ஹவுஸுக்குக் கிடைக்கவில்லை. ஒளிச்சேர்க்கையைக் கண்டவர் என ஒருவரைத்தான் சுட்டவேண்டுமெனில், அப்பெருமை ஒளியின் பங்கை உணர்ந்த இன்கென்ஹவுஸுக்கே உரியது.