திசையறி எர்த் ஃபால்ட் காப்பு

மின்தடக் கம்பி நிலத்தோடு தொடர்புபட்டுப் பழுதாகும்போது, அந்தப் பழுது தான் காக்கும் தடத்தில் இருக்கிறதா, முதுகுப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து, தன் தடத்தில் என்றால் மட்டும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலே ஏற்பாடு. அமெரிக்கச் சாதன எண் முறையில் இது 67என்.

புனேயின் மின்வலையமைப்பில் இதன் தேவை தெளிவாகத் தெரியும். லோணிகந்த், சாகன் 400 கிலோவோல்ட் நிலையங்களுக்குப் பல பக்கங்களிலிருந்தும் மின்சாரம் வருகிறது. நகருக்குள் 22 கிலோவோல்ட் கேபிள்கள் தரைக்கடியில் ஓடுகின்றன. மாநில மின்வாரியம் 2005இல் பிரிந்தபின் உயரழுத்தத் தடங்கள் மகாபாரேஷண் நிறுவனத்திடமும் விநியோகம் மகாவிதரண் நிறுவனத்திடமும் உள்ளன. 2022 பிப்ரவரி 9 அதிகாலை மூடுபனியால் 400 கிலோவோல்ட் தடங்களில் பல இடங்களில் பழுது ஏற்பட்டு, புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதிகள் இருண்டன. இத்தகைய வேளையில் பழுதான தடத்தோடு நல்ல தடமும் ட்ரிப் ஆகிவிட்டால் இருட்டு இன்னும் பரவும்.

ஒரே மூலத்திலிருந்து ஒரே தடம் போனால் திசை பார்க்க வேண்டியதில்லை. இணையாக இரண்டு தடங்கள் இருக்கும்போது, முதல் தடத்தில் பழுதென்றால் இரண்டாவது தடத்தின் வழியாகவும் மின்னோட்டம் மறுமுனை பஸ்பாருக்கு வந்து, அங்கிருந்து பழுதை நோக்கித் திரும்பும். அம்முனையின் இரு ரிலேக்களும் ஒரே அளவைத்தான் பார்க்கும். திசை மட்டுமே வேறு. இன்னொரு சிக்கலும் உண்டு: மறுமுனையில் ஜெனரேட்டரே இல்லாவிட்டாலும், நியூட்ரல் எர்த் செய்யப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தால் அதுவே எர்த் ஃபால்ட் மின்னோட்டத்தை அனுப்பும்.

மூன்று ஃபேஸ் மின்னோட்டங்களின் கூட்டுத்தொகையை, மூன்று ஃபேஸ் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டே ரிலே திசையை அறிகிறது. நல்ல நிலையில் இரண்டும் ஏறக்குறைய சுழியம். மின்னழுத்தத்தின் கூட்டுத்தொகை மின்னழுத்த மாற்றியின் (பி.டி.) ஓப்பன் டெல்டா சுற்றிலிருந்து கிடைக்கும். இந்த இரண்டுக்கும் இடையே ரிலே எதிர்பார்க்கும் கோணத்தை நேரடி எர்த்திங் உள்ள விநியோகத் தடங்களுக்கு −45 டிகிரி, உயரழுத்தத் தடங்களுக்கு −60 டிகிரி என வைப்பது வழக்கம். இரட்டைச் சுற்றுக் கோபுரங்களில் பக்கத்துத் தடத்தின் தூண்டல் இந்தக் கணக்கைக் குழப்பலாம்; அங்கே எதிர்வரிசை (நெகட்டிவ் சீக்வென்ஸ்) மின்னழுத்தத்தை ஆதாரமாகக் கொள்வது நல்லது.

சென்னைப் பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் தயாரித்த சி.டி.டி. ரிலேக்களில், திசைப் பகுதியின் காண்டாக்ட் மூடினால்தான் வட்டுத் தகடு சுழலத் தொடங்கும். இன்றைய எண்முறை ரிலேக்கள் அதே வேலையைக் கணக்காகப் போடுகின்றன.

தக்காணத்தின் பசால்ட் பாறை நிலத்தில், கோடையில் மண் காய்ந்திருக்கையில், கம்பி மரத்தில் உரசினால் பழுதின் மின்தடை மிகுந்துவிடும். பழுதின் தொலைவைக் கணிக்கும் டிஸ்டன்ஸ் ரிலேக்கு அது எட்டாத தொலைவாகத் தோன்றக்கூடும். மின்னோட்ட மாற்றியின் (சி.டி.) அளவில் 10 முதல் 20 சதவீதத்திலேயே விழித்துக்கொள்ளும் 67என் அதைப் பிடிக்கும். சற்றுத் தாமதமாக, காப்புக்குக் காப்பாக.

என் பார்வையில் கோட்பாட்டைவிட வயரிங்கில்தான் அதிக ஆபத்து. சி.டி. முனைகள் தலைகீழாக மாறியிருந்தாலும், சமநிலை லோடில் கூட்டுத்தொகை சுழியமே என்பதால் அது மாதக்கணக்கில் தெரியாது. ஆகவே புதுத் தடத்தை இயக்கும்போது, ட்ரிப் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பி.டி.யின் ‘ஆர்’ ஃபேஸை எடுத்துவிடுவார்கள், சி.டி.யில் ‘ஒய்’, ‘பி’ ஃபேஸ்களை ஷார்ட் செய்து ‘ஆர்’ மின்னோட்டத்தை மட்டும் ரிலேக்கு விடுவார்கள். லோடு தடத்தை நோக்கிப் போகும்போது ரிலே ‘முன்திசை’ என்று காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சி.டி., பி.டி. இணைப்புகளை மறுபடி சரிபார்க்காமல் ட்ரிப் இணைப்பைத் திரும்பக் கொடுப்பதில்லை.