புது ஏர் ரைஃபிள்ல புகை வருதா, குறி தப்புதா? ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன் இதைப் படிங்க!

முதல் பத்து ஷாட்டிலேயே பட்டாசு மாதிரி சத்தம். பேரல் முனையில் லேசா புகை, எண்ணெய் கருகின வாசம். இலக்குத் தாளைப் பார்த்தால் ஓட்டைகள் திசைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆசையா வாங்கின ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் டிஃபெக்ட் பீஸோனு பயம் வரும், பிரிச்சுப் பார்த்துடலாமானு கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்க. முதல் சில வாரங்களில் வரும் இந்தப் பிரச்னைகளில் பெரும்பாலானவை கோளாறே இல்லை. அவசரப்பட்டு நாம் செய்யும் வைத்தியம்தான் துப்பாக்கியைக் கெடுக்கும்.

பேரலை மடக்கும்போது உள்ளே பிஸ்டன் பின்னால் போய், ஸ்பிரிங் சுருங்கி ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. டிரிகரை அழுத்தினால் பிஸ்டன் முன்னால் பாய்ந்து எதிரே இருக்கிற காற்றை நசுக்கும். அந்தக் காற்றுதான் ஒரு சின்னத் துளை வழியாக பெல்லட்டைத் தள்ளுது. சைக்கிள் பம்ப்பின் வாயை விரலால் அடைச்சுக்கிட்டு அடிச்சா பம்ப் சுடும், இல்லையா? அதே சூடு இங்கே கண் இமைக்கும் நேரத்தில், பல மடங்கு அதிகமாக வரும். ஃபேக்டரியில் பூசின எண்ணெயும் கிரீஸும் அதில் பற்றிக்கொள்ளும். டீசல் இன்ஜின் ஓடுவதும் இப்படித்தான் என்பதால் இதற்கு 'டீசலிங்' என்றே பெயர். சுடச் சுட அந்த எண்ணெய் எரிந்து தீர்ந்து, சத்தமும் புகையும் தானாகக் குறையும். சில நூறு ஷாட் தாண்டியும் அதே வெடிச்சத்தம் கேட்டால் மட்டும் சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

இந்த நேரத்தில் பலர் செய்கிற தப்பு, 'டிரையா இருக்கு போல'னு தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய், பைக் செயின் ஸ்ப்ரே என எதையாவது பேரல் வழியாகவோ காற்றுத் துளையிலோ விடுவது. அது எரிபொருள் ஊற்றுவதற்குச் சமம். அடுத்த ஷாட்டில் உள்ளே நிஜமாகவே வெடித்து, சீல் கிழியலாம், ஸ்பிரிங்கும் உடையலாம். பேரல் மடங்கும் கீலுக்கு ஒரு சொட்டு போதும்.

இன்னொரு தப்பு, பெல்லட் போடாமல் சும்மா சுட்டுப் பார்ப்பது. பெல்லட் இருந்தால் அதன் பின்னால் தேங்கும் காற்று, பிஸ்டனுக்கு மெத்தை மாதிரி. இல்லையென்றால் பிஸ்டன் நேராகப் போய் சிலிண்டர் சுவரில் மோதும். நண்பர்கள் வந்தா 'ஒரு தடவை கொடுடா'னு கேட்பாங்க. அவங்க கையில் கொடுக்கும்முன் இதைச் சொல்லிடுங்க.

விரல் பத்திரம்! பேரலை மடக்கின பிறகு, பெல்லட் வைத்து மூடும்வரை ஒரு கை பேரலை விடவே கூடாது. கொக்கி நழுவினால் பேரல் அறைந்து மூடும். நடுவில் விரல் இருந்தால் நினைச்சுப் பார்க்கவே வேண்டாம்.

குறி தப்புகிறதா?

முதலில் ஸ்டாக்கில் இருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்க. ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் துள்ளும். இந்த இரட்டை அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். புதுசில் ஒவ்வொரு நூறு ஷாட்டுக்கும் ஒருமுறை சரியான அளவு டிரைவரால் இறுக்கினால் போதும். மரம் விரிசல் விடும் அளவுக்கு முறுக்காதீங்க. ஸ்கோப் மாட்டியிருந்தால் அதன் கிளாம்ப்பும் அப்படியே. சாதாரண ஸ்கோப்புகள் இந்த முன்பக்க உதையைத் தாங்காது. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததா என்று கேட்டு வாங்குங்க.

அடுத்து பேரல். புது பேரலுக்குள் இருக்கும் அழுக்கெண்ணெயை, நைலான் மீன்பிடி நரம்பில் சின்னத் துணித்துண்டு கட்டி, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து இழுத்து எடுங்க. இரும்பு பிரஷ் வேண்டாம். பெல்லட்டையும் மாற்றிப் பாருங்க. ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு ருசி இருக்கு, ஒன்றுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. உருண்டைத் தலை பெல்லட்டில் ஆரம்பிக்கலாம். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவணும்.

எல்லாம் சரி, இன்னும் சிதறுதா? அப்போ பிடிதான் பிரச்னை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் போட்டியில் பிடிப்பது அழுத்தக் காற்றில் இயங்கும் ரைஃபிள், அதில் உதை மிகக் குறைவு. உங்களுடையது துள்ளும் குதிரை. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். இடது உள்ளங்கையில் சும்மா படுக்க வைத்து, தோளில் லேசாகச் சாய்த்து, தன் போக்கில் துள்ள விடுங்க. இதுக்கு மட்டும் ஒரு முழு வாரம் ஒதுக்கலாம், தப்பில்லை.

வேகம் குறைந்த மாதிரி தெரிந்தால், பேரல் மடங்கும் இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒன்றை வைத்து, கையும் முகமும் தள்ளியிருக்க, பெல்லட் போட்டே சுடுங்க. பேப்பர் துள்ளிப் பறந்தால் அங்கே காற்று கசிகிறது. அந்தச் சின்ன ரப்பர் சீலை மாற்றினால் சரியாகிடும்.

'ஸ்ட்ராங் ஸ்பிரிங் போட்டுத் தர்றேன்'னு யாராவது சொன்னா வேண்டாம்னுடுங்க. 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லாத ஏர் ரைஃபிளுக்கு எல்லை 0.177 அங்குல விட்டமும் 20 ஜூல் ஆற்றலும்தான். அதைத் தாண்டினால் கையில் இருப்பது லைசென்ஸ் இல்லாத ஆயுதம். டெஸ்ட் பண்றேன்னு கிளி, மைனா, கொக்கைச் சுட்டாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கேஸ்தான். பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் தடுப்பும், கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் சுடவே வேண்டாம். கல்லிலோ இரும்பிலோ பட்டால் அது உங்களிடமே திரும்பி வரும்.

வைக்கும்போது லோடு பண்ணி வைக்காதீங்க, ஸ்பிரிங் சோர்ந்துபோகும், ஆபத்தும்கூட. கடற்கரை ஊர்க்காரர்கள் கை வியர்வை பட்ட இரும்பை, எண்ணெய் தொட்ட துணியால் அன்றைக்கே துடைச்சிடுங்க. துணிக் கவருக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

லோடு ஆன நிலையில் சுடாமல் மாட்டிக்கொண்டால் முதலில் சேஃப்டியைப் பாருங்க. பல மாடல்களில் மடக்கியதும் அது தானாக விழுந்துவிடும். சேஃப்டி எடுத்தும் சுடவில்லையா? எங்கேயும் குடையாமல், முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி கடைக்கு போன் போடுங்க. பின்மூடிக்குப் பின்னால் ஸ்பிரிங் எப்போதுமே அழுத்தத்தில்தான் இருக்கும். அதற்கான கிளாம்ப் இல்லாமல் திறந்தால் நேரா முகத்துக்குத்தான் வரும். எத்தனை ஷாட் சுட்டீங்க, எந்த பெல்லட், எப்போதிலிருந்து பிரச்னை என்று குறித்து வைத்திருந்தால் மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.