பகலில் ரெண்டர், ராத்திரி கேம்: நேரு பிளேஸின் புராசஸர் கதை

தெற்கு தில்லியின் நேரு பிளேஸில் கம்ப்யூட்டர் கேட்டுப் போகிறவரைக் கடைக்காரர் முதலில் கேட்பது, "எதற்கு?" என்றுதான். கணக்கு எழுத, பில் போட என்றால் ஐந்து நிமிடத்தில் பேரம் முடிந்துவிடும். கேமுக்கு மட்டும் என்றாலும் குழப்பமில்லை. பகலில் ரெண்டரிங், ராத்திரி கேம், இரண்டுக்கும் ஒரே மெஷின் என்று சொன்னால்தான் கால்குலேட்டர் வெளியே வரும். புராசஸர் பெயர்கள் எழுதப்படும், அடிக்கப்படும், மறுபடி எழுதப்படும்.

குழப்பத்துக்குக் காரணம், இரண்டு வேலையும் சிப்பிடம் கேட்பது வேறு வேறு. ஒரு கட்டடத்தின் முப்பரிமாணப் படத்தை ரெண்டர் செய்யும்போது மென்பொருள் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் ஒவ்வொரு கோருக்கும் ஒரு கட்டத்தைக் கொடுக்கிறது. ஒரு கட்டம் இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோர் எத்தனையோ அத்தனை லாபம். கேமில் அது நடக்காது. துப்பாக்கி சுட்டதா, குண்டு பட்டதா, எதிரி விழுந்தானா என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முடிவாக வேண்டும். விநாடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லிவிநாடி. அங்கே ஒரு கோரின் வேகம்தான் பேசும். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்ட சங்கதி இது: பிரித்துக் கொடுக்க முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே மொத்த வேகத்துக்கும் எல்லை.

நேரு பிளேஸ் இந்த வியாபாரத்துக்காகக் கட்டப்பட்ட இடமல்ல. 1962-ஆம் ஆண்டின் தில்லி மாஸ்டர் பிளான், கன்னாட் பிளேஸின் நெரிசலைக் குறைக்க நகரின் பல பகுதிகளில் மாவட்ட மையங்கள் வேண்டும் என்றது. அப்படி தில்லி வளர்ச்சி ஆணையம் எழுப்பிய அலுவலக வளாகம் இது. நடுவில் உயர்த்திக் கட்டிய நடைமேடை, சுற்றிலும் கான்கிரீட் அடுக்குமாடிகள். அவற்றில் ஒன்றான 96, சித்தார்த் என்ற முகவரி எச்.சி.எல். நிறுவனத்தின் பதிவு அலுவலகமாக நெடுங்காலம் இருந்தது. திருச்செந்தூர் பக்கம் மூலைப்பொழியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி.யில் பொறியியல் படித்து, தில்லி கிளாத் மில்ஸின் கால்குலேட்டர் பிரிவில் வேலை பார்த்த சிவ நாடார், நண்பர்களோடு 1976-இல் தொடங்கிய நிறுவனம் அது. அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட மறுத்து ஐ.பி.எம். நாட்டை விட்டுப் போன 1978-இல் எச்.சி.எல். தன் முதல் மைக்ரோ கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அப்போதெல்லாம் சிப்பைத் தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. கம்பெனி எதை வைத்துக் கொடுத்ததோ அதுதான். 1984 நவம்பரில், ராஜீவ் காந்தி பதவியேற்ற சில வாரங்களிலேயே வந்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதிக் கதவைக் கொஞ்சம் திறந்தது. உதிரி பாகங்களை வரவழைத்து இங்கே கோத்து விற்கும் தொழில் அதற்குப் பிறகுதான் வேர்பிடித்தது. பெரிய நிறுவனங்கள் இருந்த மாடிகளின் கீழ்த்தளங்களில் சின்னக் கடைகள் நுழைந்தன.

பிரித்து வாங்கலாம் என்ற நிலை வந்ததும் ரெண்டரா கேமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. இன்டெல்லின் 386 சிப்புக்குத் தசம எண் கணக்கு மெதுவாகத்தான் வரும். வேகம் வேண்டுமென்றால் 387 என்ற துணைச் சிப்பைத் தனியாக வாங்கிப் பக்கத்துச் சாக்கெட்டில் செருக வேண்டும். வரைபட மென்பொருளான ஆட்டோகேட்டின், 1987-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு அந்தத் துணைச் சிப் இல்லாமல் ஓடவே மறுத்தது. வரைபடக்காரருக்கு வேறு வழியில்லை, தனிக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். கேம் ஆடுகிறவருக்கோ அது வீண் செலவு. 1993 டிசம்பரில் வந்த 'டூம்' முழு எண் கணக்கிலேயே சுவர்களையும் அரக்கர்களையும் வரைந்துவிட்டது. துணைக் கணக்குப் பகுதி முடக்கப்பட்ட 486 எஸ்எக்ஸ் சிப்பிலும் அது ஜோராக ஓடும்.

மூன்றே ஆண்டில் கணக்கு மாறியது. 1996-இல் வந்த 'குவேக்' முழு முப்பரிமாணம். பென்டியத்தின் தசம எண் பகுதியை நம்பியே அதன் ஓவியப் பொறி எழுதப்பட்டிருந்தது. அலுவலக வேலையில் பென்டியத்துக்குச் சளைக்காத, விலையும் குறைவான சைரிக்ஸ் 6எக்ஸ்86 குவேக்கில் திணறியது. மலிவு என்று சைரிக்ஸை வாங்கியவர்கள் உலகெங்கும் புலம்பினார்கள். கேம்காரருக்கும் வரைபடக்காரருக்கும் முதன்முறையாக ஒரே சிப் பிடித்துப்போன காலம் அது.

மோசடியும் அந்த ஆண்டுகளில்தான் கொடிகட்டிப் பறந்தது. குறைந்த வேகச் சிப்பின் மேல் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதிக வேகத்தை அச்சடித்து விற்பது பல நாட்டுச் சந்தைகளில் நடந்தது. இன்டெல் தன் சிப்களில், வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைப் பூட்டியதற்குச் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. நேரு பிளேஸுக்கும் நல்ல பெயர் இருந்ததில்லை. நடைமேடையில் கூவி விற்கப்பட்ட திருட்டு மென்பொருள் சிடிக்களுக்காக அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் 2011-இல் வெளியிட்ட மோசமான சந்தைகளின் பட்டியலில் இந்த இடமும் இருந்தது. ஆனால் அந்தச் சிடிக்கள் இல்லாமல் வட இந்தியாவில் எத்தனை பேர் முப்பரிமாண மென்பொருளைக் கண்ணால் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

பூட்டையும் மீறி ஒரு குறுக்குவழி கிடைத்தது. 1998-இல் வந்த செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் மலிவுச் சிப். மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100-க்கு ஏற்றினால் பெரும்பாலான சிப்கள் 450-இல் ஓடின. கேச் என்ற 128 கேபி உடனடி நினைவகம் சிப்புக்குள்ளேயே முழு வேகத்தில் இருந்ததால், விலை பல மடங்கான பென்டியம் 2-ஐக் கேமில் எட்டிப்பிடித்தன. மறு ஆண்டு அபிட் நிறுவனம் பிபி6 என்ற போர்டை இறக்கியது. அதில் இரண்டு செலரான்களைப் பொருத்தலாம். ஏழையின் ரெண்டரிங் மெஷின்!

அதிலும் ஒரு வினை. இரண்டாவது சிப்பைக் கண்டுகொள்ள விண்டோஸ் என்டி வேண்டும். முப்பரிமாண மென்பொருளான 3டி ஸ்டுடியோ மேக்ஸ் அதில் இரண்டு சிப்பையும் வேலை வாங்கும். கேம்கள் ஓடியதோ விண்டோஸ் 98-இல். அதற்கு இரண்டாவது சிப் இருப்பதே தெரியாது. ஆக, ஒரே மெஷினில் இரண்டு இயங்குதளங்களைப் போட்டு, வேலைக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி பூட் செய்தார்கள். சரியான பதில் எது என்பதைச் சிப் மட்டும் எப்போதும் தீர்மானித்ததில்லை. பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது.

வரியும் அப்படிக் குறுக்கே வந்ததுதான். 1997 மார்ச்சில் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் பொருள்கள் மீதான சுங்க வரியைப் படிப்படியாகக் குறைத்து 2005-க்குள் பூஜ்யமாக்க ஒப்புக்கொண்டது. சென்னை ரிச்சி தெரு, மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு என எல்லாச் சந்தைகளுக்கும் அதனால் உயிர் வந்தது. கூடுதலாக நேரு பிளேஸுக்கு மெட்ரோவும் வந்தது, 2010 அக்டோபர் 3-ஆம் தேதி, காமன்வெல்த் போட்டிகள் தொடங்கிய அதே நாளில்.

இதற்கிடையே கடைகளில் சூடு பறந்த வாக்குவாதம், 2008-இல் எழுந்த, இன்டெல்லின் கியூ6600-ஆ ஈ8400-ஆ என்பது. முன்னது நான்கு கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ். பின்னது இரண்டே கோர், 3 கிகாஹெர்ட்ஸ், புதிய தயாரிப்பு, சூடும் குறைவு. அன்றைய கேம்களில் பெரும்பாலானவை இரண்டு கோருக்கு மேல் கேட்கவில்லை. ஆகவே ஈ8400-தான் கேம்காரர் தேர்வு. ரெண்டர் செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு கியூ6600 வாங்கினார். இரண்டும் வேண்டும் என்றவர்களில் நான்கு கோர் வாங்கியவர்களுக்கே காலம் கைகொடுத்தது. சில ஆண்டுகளில் கேம்களும் நான்கு கோரைக் கேட்கத் தொடங்கியபோது ஈ8400 மூச்சு வாங்கியது.

இந்தப் பாடத்தை நம்பி 2011-இல், இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் எட்டு கோர் எஃப்எக்ஸ் சிப்பை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அதில் இரண்டிரண்டு கோர்கள் ஒரே தசம எண் பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டன. கூட்டுக் குடும்பத்தில் ஒரே குளியலறை போல. தனிக் கோரின் வேகமும் குறைவு என்பதால் கேமில் இன்டெல் முந்தியது. அது உண்மையிலேயே எட்டு கோர்தானா என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2019-இல் ஏஎம்டி 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

பெரிய திருப்பம் 2017 மார்ச் 2. அன்று ஏஎம்டியின் ரைசன் சிப் விற்பனைக்கு வந்தது. அப்போது இன்டெல்லிடம் எட்டு கோர் வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள 6900கே-தான்; ரைசன் 7 1700 எட்டு கோரை 329 டாலருக்குக் கொடுத்தது. அதே விலைத் தட்டில் இன்டெல்லிடம் இருந்த 7700கே நான்கு கோர்தான், ஆனால் கேமில் அதுவே வேகம். ரைசனை அறிமுகப்படுத்த ஏஎம்டி தேர்ந்தெடுத்த சோதனையும் பொருத்தமானது: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு ரெண்டர். அந்தக் கோப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்து, உங்கள் மெஷினில் எவ்வளவு நேரம் ஆகிறது, பாருங்கள் என்றது. தில்லியில் வீட்டிலிருந்தே கட்டடப் படங்கள் செய்து கொடுக்கும் இளைஞர்களுக்கு அதைவிடத் தெளிவான விளம்பரம் தேவைப்படவில்லை.

ஆனால் ரெண்டரிங்கே அதற்குள் புராசஸரை விட்டுப் பாதி வெளியேறியிருந்தது. 2011 இறுதியில் பிளெண்டரில் சேர்ந்த சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் பொறி, கிராபிக்ஸ் கார்டிலும் ரெண்டர் செய்யும். கேமுக்காக வாங்கிய கார்டு பகலில் சம்பாதித்துக் கொடுத்தது. அப்படியானால் சிப்புக்குக் கொட்டுகிற காசைக் கார்டில் போடுவதே பலருக்கும் புத்திசாலித்தனம். கார்டின் நினைவகத்தில் அடங்காத பெரிய காட்சிகளை ரெண்டர் செய்கிறவர்களுக்குத்தான் இன்றும் கோர் எண்ணிக்கை முக்கியம். கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் 2021-இல் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனபோது அந்தப் புத்திசாலித்தனமும் கொஞ்ச நாள் பலிக்கவில்லை.

சிப் செய்கிறவர்கள் பிறகு இரண்டு வேலையையும் ஒரே சிப்புக்குள் பாகம் பிரிக்க ஆரம்பித்தார்கள். 2021 நவம்பரில் வந்த இன்டெல் 12900கே-யில் எட்டுப் பெரிய கோர், எட்டுச் சின்னக் கோர். சின்னக் கோர்களை வேறொரு கம்ப்யூட்டர் என்று நினைத்துச் சில கேம்கள் திறக்க மறுத்தன. அதற்காக, ஸ்க்ரோல் லாக் விசையைத் தட்டினால் சின்னக் கோர்கள் ஒதுங்கிக்கொள்ளும்படி ஒரு வசதியை வைக்க வேண்டியிருந்தது. யாரும் சீண்டாத அந்த விசைக்கும் ஒரு காலம் வந்தது. ஏஎம்டி வேறு வழியில் போனது. 2022-இன் 5800எக்ஸ்3டி, எட்டு கோரின் மேல் கேச்சை அடுக்கி 96 எம்பி ஆக்கியது. கேமில் அது பறந்தது. வேகம் சற்றுக் குறைக்கப்பட்டதால் ரெண்டரில் சாதாரண 5800எக்ஸ்-ஐவிடக் கொஞ்சம் பின்தங்கியது. மறு ஆண்டின் 7950எக்ஸ்3டியில் பதினாறு கோர். எட்டின் மேல் மட்டும் கூடுதல் கேச், மற்ற எட்டுக்குக் கூடுதல் வேகம். கேம் திறந்தால் விண்டோஸ் ஒரு பாதியைத் தூங்கவைக்கிறது, ரெண்டர் என்றால் எல்லோரையும் எழுப்புகிறது.

இன்னொரு தரப்பு இன்டெல் 14900கே பக்கம் நின்றது. இரண்டு வேலைக்கும் ஏற்றதுதான், ஆனால் முழு வேகத்தில் 253 வாட் குடிக்கும் சிப். மே மாதம் 45 டிகிரியைத் தொடும் தில்லியில், பெட்டிக்குள் வீசும் காற்றே சூடாக இருக்கையில், கூலருக்கு எவ்வளவு செலவு என்று கேட்காமல் அதை வாங்க முடியாது. அதோடு, 13, 14-ஆம் தலைமுறைச் சிப்களில் சில தாமாகவே நிலைகுலைந்தன. தேவைக்கு மேல் கேட்கப்பட்ட மின்னழுத்தமே காரணம் என்று 2024-இல் சொன்ன இன்டெல், ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது.

நேரு பிளேஸில் ஒரே சிப்புக்கு இரண்டு விலை உண்டு: அட்டைப்பெட்டியோடு ஒன்று, மொத்தமாக வரும் ட்ரேயிலிருந்து எடுத்துக் கொடுப்பது ஒன்று. 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லாமல் பில் போடாத விலை என்று மூன்றாவதும் காதோடு காதாகச் சொல்லப்படுவதுண்டு. அந்த நிலைகுலைந்த சிப்களுக்கு, பெட்டிச் சிப் வாங்கியவர்கள் நேரே இன்டெல்லிடம் முறையிடலாம் என்றும், ட்ரே சிப் வாங்கியவர்கள் வாங்கிய இடத்தில்தான் கேட்க வேண்டும் என்றும் நிறுவனம் அறிவித்தது. பில் இல்லாமல் வாங்கியவர்கள் அங்கே போய் எதைக் காட்டுவார்கள்?