வெற்றிடத்தில் எழும் மின்வில்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மட்டக்களப்பிலிருந்து ஏறாவூர் செல்லும் நெடுஞ்சாலை, தன்னாமுனையை வாவியோரமாகக் கடக்கிறது. உப்புக்காற்று வீசும் இத்தகைய கரையோரங்களில் மேல்நிலை மின்கம்பிகளுக்கு இடர் பல. தென்னோலை கம்பியில் வீழ்ந்தாலும், உப்புப் படிந்த காவலியில் மின் கசிந்தாலும் பெரும் வழுவோட்டம் பாயலாம். அதனை அறுக்கும் பொறியே சுற்றுடைப்பான்.

அறுத்தல் எளிதன்று. தொடுகைகள் பிரியும் கணத்திலேயே அவற்றிடையே மின்வில் மூண்டுவிடுகிறது. நெடுங்காலம் அதனை எண்ணெயில் அமிழ்த்தி அணைத்தனர். எண்ணெயோ கரியேறும், அதை வடிகட்டவும் மாற்றவும் வேண்டும், சில வேளை தீயும் பற்றும்.

வெற்றிடத்தில் வளி இல்லையாதலால் வில்லும் இராது என்று கருதுவது பிழை. அங்கே வில் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்கிறது. எதிர்முனையின் நுண்புள்ளிகள் உருகிக் கொதித்து உலோக ஆவியாகின்றன. மின்னோட்டத்தைச் சுமப்பது அவ்வாவியே. நமது 50 சுற்று ஆடலோட்டம் செக்கனுக்கு 100 முறை சுழியத்தைத் தொடுகிறது. அக்கணத்தில் புள்ளிகள் அவிகின்றன. ஆவி சுற்றியுள்ள உலோகக் கவசத்திலும் தொடுகைகளிலும் படிந்து மறைகிறது. ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி மீண்டும் காவலியாகிறது. வில் முற்றாகத் தோன்றாதிருத்தலும் நன்றன்று. சுழியத்துக்கு முன்னரே அது திடீரென அறுந்தால் எழும் மிகையழுத்தம் மோட்டர்களையும் மின்மாற்றிகளையும் தாக்கும்.

கலிபோர்னியாவில் சோரன்சன், மெண்டன்ஹால் இருவரும் 1926இலேயே இம்முறையைச் சோதித்து வெளியிட்டனர். எனினும், பேராற்றல் கொண்ட வெற்றிட உடைப்பான்கள் புழக்கத்துக்கு வர 1960கள் வரை காத்திருக்க நேர்ந்தது. தடையாக நின்றது கொள்கையன்று, கைத்தொழில். உலோகத்தினுள் ஒளிந்திருந்த வாயு சூட்டில் வெளியேறி வெற்றிடத்தைக் கெடுத்தது. கண்ணாடியையும் உலோகத்தையும் காற்றுப் புகாமல் இணைக்கும் கலை முதிரவில்லை. ஒட்சைட்டுப் படலம் அற்ற தூய செம்புத் தொடுகைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பற்றிக்கொண்டன. சிறிதளவு பிஸ்மத்துக் கலந்து இப்பற்றை உடையச் செய்தனர். பின்னர் செம்பு-குரோமியக் கலவை நிலைபெற்றது. கண்டுபிடித்தவர் பெயரை மட்டும் உரைக்கும் வரலாற்று நூல்கள் இந்த முப்பத்தைந்து ஆண்டு உழைப்பை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி போன்ற பேரழிவின் பின்னர், சாய்ந்த கம்பங்களை உள்ளூர்த் தொழிலாளர் தம் கைகளாலேயே நிமிர்த்த இயலும். எண்ணெய் உடைப்பானின் தேய்ந்த தொடுகையையும் பட்டறையில் கழற்றி மாற்றலாம். வெற்றிடக் குடுவையோ ஆயுள் முழுவதும் மூடியே கிடப்பது. பராமரிப்பு அதற்கு மிகக் குறைவு. தொலைவான ஊர்களுக்கு அது பெரும் பேறு. ஆயின் வெற்றிடம் கெட்டால் பழுதுபார்க்க முடியாது; புதிய குடுவையே வரவேண்டும். பராமரிக்கும் சுமை ஊரைவிட்டு நீங்கும்போது, பழுதுபார்க்கும் அறிவும் உடன் நீங்குகிறது.

இத்தேவை இனிப் பெருகவே செய்யும். வெற்றிடத்துக்குப் போட்டியாக நின்ற கந்தக அறுபுளோரைட்டு, காபனீரொட்சைட்டைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும் வாயு. 24,000 வோல்ற்று வரையான புதிய கருவிகளில் அதனை ஐரோப்பிய ஒன்றியம் 2026 முதல் விலக்கியுள்ளது. கடலுக்கு அப்பால், பெங்களூரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்னும் அரச நிறுவனம் வெற்றிடக் குடுவைகளைத் தானே ஆக்கிவருகிறது.