மரச்சீனியும் சாளையும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக வருவோர் தமிழக எல்லையருகே காரோடு என்னும் ஊரைக் காண்பர். 1956-இல் மாநில எல்லை இப்பக்கமாக வகுக்கப்பட்டது. ஆயினும் இருபுறத்தும் ஏழையின் உணவு ஒன்றே: மரச்சீனியும் சாளை மீனும்.

1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மரச்சீனிப் பயிரைப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது, மரச்சீனியே பசியாற்றிற்று. ஆனால், அக்கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கே. ஐந்தில் ஒரு பங்கு புரதமுள்ள மலிவான சாளை அக்குறையைத் தீர்த்தது.

கடலோ என்றும் ஒருபடியாய்க் கொடுப்பதில்லை. கேரளத்தில் 2012-இல் சுமார் 3.9 லட்சம் டன் பிடிபட்ட சாளை, 2021-இல் சுமார் 3,300 டன்னாகச் சுருங்கிற்று. அவ்வேளையில் மாற்று யாது? கஞ்சியுடன் நம் முன்னோர் உண்ட பெரும்பயற்றில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதமுண்டு. மைசூரில் 1950-இல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமும் நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து சத்துமாவு ஆக்கிக் காட்டிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களே, நாளைய உணவை ஆராயும்போது நம் பயற்றுக் கஞ்சியையும் மறவாதிருப்போமாக.